ஐரோப்பாவில் வெளியாட்களை யார் நன்றாக நடத்துகிறார்கள்? (அடித்துக்கொள்ளாமல் பேசுவோம்)

நாடோடி_மதுரை

இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. வந்ததும் கீழே ‘இத்தாலிக்காரன் தங்கம், ஜெர்மன்காரன் முசுடு, பிரெஞ்சுக்காரன் திமிர் பிடித்தவன்’ என்று நாலு பேர் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். வேலை நிமித்தமாகவும் சொந்தச் செலவிலும் அந்தப் பக்கம் நிறைய அலைந்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக வரலாம்.

சிரிப்பை வைத்து ஒரு ஊரை அளக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி. முகம் பார்த்துச் சிரிக்காத ஊர்களில்தான் எனக்கு உருப்படியான உதவி அதிகம் கிடைத்திருக்கிறது. தென்மேற்கு ஜெர்மனியில் ஃப்ரைபுர்க் என்ற ஊர். ஈ காக்கை இல்லாத தெருவில் சிவப்பு விளக்கு எரியும்போதே என்னோடு வந்த நண்பர் கடக்கப் போனார். பக்கத்தில் நின்ற பாட்டி, எதிரே நின்ற பள்ளிக்கூடப் பிள்ளையைக் காட்டி, அது பார்த்துக் கற்றுக்கொள்ளாதா என்று ஒரு அதட்டல் போட்டார். நண்பருக்கு முகம் சுருங்கிவிட்டது. அதே பாட்டியிடம்தான் நான் டிராம் வழி கேட்டேன். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார், பழைய ரசீது ஒன்றின் பின்பக்கம் வண்டி எண், மாற வேண்டிய நிறுத்தம், வரும் நேரம் எல்லாம் எழுதினார், இறங்க வேண்டிய இடத்தின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டார், அப்புறம் என்னை அதை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். படித்தேன். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைசிவரை சிரிக்கவே இல்லை!

நேப்பிள்ஸில் அதே மாதிரி வழி கேட்டபோது கதை வேறு. ஒருவரைக் கேட்டேன், மூவர் கூடிவிட்டார்கள், மூவரும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள், பக்கத்துக் கடைக்காரரை நடுவராக அழைத்தார்கள், எனக்கு யாரோ காபி வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு திசைகளில் கைகாட்டினார்கள், இரண்டும் தப்பு. ஆனால் யாராவது இன்று என்னை நேப்பிள்ஸுக்குப் போகச் சொன்னால் உடனே பெட்டியைக் கட்டுவேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரான்ஸ் விஷயத்தில் நம் ஆட்கள் பாதிப் பேர் வாசலிலேயே தோற்றுவிடுகிறார்கள். அங்கே சின்னக் கடை என்பது கடைக்காரரின் வீடு மாதிரி. உள்ளே நுழைந்ததும் ‘பொன்ஜூர்’ சொல்லாமல் நேராகப் போய் ‘இது எவ்வளவு’ என்று கேட்டால், அவர் கணக்கில் நீங்கள் கதவைத் தட்டாமல் கூடத்தில் வந்து நிற்கிறீர்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ரொட்டியைத் தருவார். நாம் வெளியே வந்து ‘நிறவெறி’ என்று பதிவு போடுவோம். ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்கே தங்கள் பெயர் கெட்டது தெரியும். 2013-ல் பாரிஸ் வட்டார வணிகச் சபையும் சுற்றுலாத் துறையும் சேர்ந்து, எந்த நாட்டுக்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒரு கையேடே அச்சடித்து ஹோட்டல், உணவகம், டாக்ஸிக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள்.

அப்புறம் மேஜையில் கேட்காமலே வந்து உட்காரும் பொருள். கிரீட் தீவில் சாப்பிட்டு முடித்ததும் பழத்துண்டோ இனிப்போ, கூடவே சின்னக் குடுவையில் ராக்கி என்ற உள்ளூர்ச் சாராயமோ தானாக வரும், அது வீட்டு உபசாரம், காசு கிடையாது. போர்ச்சுகலில் உட்கார்ந்ததும் ரொட்டியும் ஆலிவும் தானாக வரும், அதைத் தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாமென்றால் திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டு ஊரிலும் பரிமாறுகிறவர் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்.

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_கணக்கர்

நல்ல பதிவு தம்பி. நானும் வீட்டம்மாவும் குழுச் சுற்றுலாவில் போய் வந்தோம். எல்லா இடத்திலும் நன்றாகத்தான் நடத்தினார்கள். ஸ்விட்சர்லாந்தில் இண்டர்லாக்கன் கடைகளில் ‘நமஸ்தே’ என்றே வரவேற்கிறார்கள், யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்தில் இந்தியச் சாப்பாடே கிடைக்கிறது. பனியைப் பார்த்துக்கொண்டே சோறும் பருப்பும் சாப்பிட்டோம். வேறென்ன வேண்டும்?

கேள்விக்குறி

// எல்லா இடத்திலும் நன்றாகத்தான் நடத்தினார்கள் //

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், குழுச் சுற்றுலாவில் போனால் உங்களை நடத்துவது டூர் மேனேஜர்தான். பேருந்து, இந்திய உணவகம், நினைவுப் பொருள் கடை, மறுபடி பேருந்து. அந்த ஊர்க்காரர் எவரையாவது நீங்களாகச் சந்தித்தீர்களா?

இண்டர்லாக்கனில் நமக்கு மரியாதை இருப்பதற்குக் காரணம் இந்திப் படங்கள். யஷ் சோப்ராவுக்கு அங்கே 2016-ல் சிலையே வைத்தார்கள், அவர் படம் எடுத்து எடுத்து அனுப்பிய கூட்டம் அப்படி. ஆனால் அதே நாட்டில், க்ஸ்டாடில் ஒரு விடுதி இந்தியர்களுக்கென்றே தனியாக ஒட்டிய அறிவிப்பை 2019-ல் தொழிலதிபர் ஹர்ஷ் கோயங்கா ட்விட்டரில் போட்டது நினைவிருக்கிறதா? காலை பஃபேயிலிருந்து மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், தாழ்வாரத்தில் சத்தம் போடாதீர்கள் என்றெல்லாம் எழுதியிருந்தது. முதலில் கோபமும் அவமானமும் வந்தது, பிறகு யோசித்தால் நாமும் சத்தக்காரர்கள்தான் என்று அவரே எழுதினார். நம்மவர்களில் பாதிப் பேர் ‘சரிதானே, நாம் அப்படித்தானே’ என்று தலையாட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பஃபேயில் ரொட்டியை மடித்துப் பைக்குள் போடும் வெள்ளைக்காரக் குடும்பங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அவர்கள் நாட்டின் பெயரைப் போட்டு யாரும் தாள் ஒட்டுவதில்லை. எல்லோருக்குமான விதி என்றால் எல்லோருக்கும் ஒட்டு.

மதுரை அண்ணா, உங்கள் பதிவில் எனக்குள்ள பெரிய குறை வேறு. வரவேற்பு எங்கே தொடங்குகிறது? ரொட்டிக் கடையிலா? அதற்கு வெகு முன்னால், இங்கே சென்னையில், விசா மையத்தில் தொடங்குகிறது. 2024 ஜூனிலிருந்து 90 யூரோ கட்டணம், நிராகரித்தால் திரும்பாது. குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு, வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, விடுதி முன்பதிவு, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, திரும்பி வருவாய் என்று நிரூபி என்கிறார்கள். அமெரிக்கக்காரன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறான். இதையெல்லாம் தாண்டிப் போன பிறகு பாட்டி பென்சிலில் எழுதிக் கொடுத்தார் என்று உருகுவதா?

நாடோடி_மதுரை

கேள்விக்குறி, விசா பற்றி உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன், நூற்றுக்கு நூறு சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன், படிப்பவர்களுக்குப் பயன்படும்: 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென்று ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) விசா விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் போய்த் திரும்பியிருந்தால், அடுத்து இரண்டு ஆண்டுக்குப் பலமுறை போய்வரும் விசா, அதன்பின் ஐந்து ஆண்டுக்கு. முதல் இரண்டுக்கு அதே பாடுதான்.

ஆனால் அது அரசாங்கம். நான் பேச வந்தது தெருவில் எதிர்ப்படும் மனிதர்களைப் பற்றி. அந்தப் பாட்டிக்கும் தூதரகத்துக்கும் சம்பந்தமில்லை.

கேள்விக்குறி

சம்பந்தம் உண்டு. அந்த அரசாங்கத்துக்கு ஓட்டுப் போடுவது யார்?

சரி, தெருவுக்கே வருகிறேன். ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது என்று சொல்கிறார்கள் அல்லவா? இரவு ரயில், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குள் நுழைந்ததும் காவலர்கள் ஏறினார்கள். பெட்டி முழுக்க ஆள். தூங்கிக்கொண்டிருந்த என்னை எழுப்பினார்கள், மூன்று வரிசை தள்ளி ஒரு கறுப்பின இளைஞரை எழுப்பினார்கள், இறங்கிப் போய்விட்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், ‘நன்றி, இனிய பயணம்’ என்றுகூடச் சொன்னார்கள். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இது எந்தக் கணக்கில் வரும், அண்ணா? சிரிப்புக் கணக்கிலா, உதவிக் கணக்கிலா?

பாரிஸ்_குசினி

வணக்கம். மதுரை அண்ணை, கடை விசயம் நீங்கள் எழுதினது சரி. சாப்பாட்டுக் கடையைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கட சனம் கனபேர் பாரிஸில் ரெஸ்டோரண்ட் குசினியில்தான் (சமையலறையில்தான்) வேலையைத் தொடங்கினது, நானும் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, இப்ப அடுப்புக்கு வந்திருக்கிறேன். உள்ளுக்கு நின்று பார்த்தால், வெளியே ‘திமிர்’ என்று தெரிகிறது வேறு மாதிரித் தெரியும்.

முதலாவது, இங்கே பரிமாறுகிறது ஒரு தொழில். அதில் வாழ்நாள் முழுக்க நிற்கிற ஆட்கள் இருக்கினம். சேவைக் கட்டணம் 15 வீதம் விலையிலேயே சேர்ந்திருக்கிறது, டிப்ஸை நம்பி அவருக்கு அடுப்பு எரியவில்லை, அதனால் உங்களைப் பார்த்து இளிக்க வேண்டிய தேவையும் இல்லை. விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டால் அன்றைக்கு உங்கள் மேசை கடைசி மேசைதான், அதில் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது நேரம். மத்தியானம் இரண்டரை அளவில் குசினியை மூடிவிடுவோம், இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குத்தான் தொடங்கும். ஈபிள் கோபுரம் பார்த்துக் களைத்துப்போய் மூன்றரைக்கு ஒரு இந்தியக் குடும்பம் வரும். கதவு திறந்திருக்கும், ஆட்கள் உள்ளே வைன் குடித்துக்கொண்டிருப்பார்கள், ‘அவனுக்குக் கொடுக்கிறாய், எனக்கு இல்லையா’ என்று அவர்களுக்குக் கோபம் வரும். அடுப்பே அணைந்து நாங்கள் நிலம் கழுவிக்கொண்டிருப்போம். வெயிட்டரும் விளக்கமாகச் சொல்லமாட்டார், தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவார். அந்த இடத்தில் பிழை அவரில்தான், இரண்டு வசனம் சொன்னால் வாய் நோகாது.

மூன்றாவது பில். சாப்பிட்டு முடித்து ஒரு மணித்தியாலம் இருந்தாலும் நீங்கள் கேட்காமல் பில் வராது. கவனிக்கவில்லை என்று நினைப்பீர்கள். பில்லைக் கொண்டுவந்து வைத்தால் எழும்பிப் போ என்று சொன்ன மாதிரி, அதனால்தான் கொண்டுவருவதில்லை. தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள், ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் குடுவையில் சும்மா தரவேண்டும், இங்கே சட்டமே அப்படி. கேட்காவிட்டால் போத்தலைக் கொண்டுவந்து உடைப்பார்கள், அதுவும் நடக்கும். பெரிய சின்னங்களைச் சுற்றியிருக்கிற சில கடைகளை நான் நியாயப்படுத்தப் போவதில்லை, அவர்களுக்கு நீங்கள் திரும்பி வரப்போவதில்லை என்பது தெரியும், அதுக்கேற்ற மாதிரித்தான் சமைப்பார்கள்.

கேள்விக்குறி தம்பி சொன்னதையும் தள்ளிவிட ஏலாது. இதே பாரிஸில் எனக்கு வாடிக்கையாளராகப் போனால் ஒரு முகம், வீடு வாடகைக்குக் கேட்டுத் தொலைபேசியில் என் முழுப் பெயரைச் சொன்னால் இன்னொரு முகம். பயணிக்கு இரண்டாவது முகம் தெரியாது, தெரியவும் தேவையில்லை. ஆனால் ‘பிரெஞ்சுக்காரர் எப்படி’ என்று கேட்டால் நான் இரண்டையும்தான் சொல்லவேண்டும்.

பாரிஸ் வருகிறவர்கள் ஓகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வந்தால் எங்கட தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பெல் பக்கம் வாருங்கள், மாணிக்க விநாயகர் தேர் அந்த நாட்களில்தான். தெருவை மறித்துக் கொடுப்பார்கள், தேங்காய் மலைபோலக் குவித்து உடைப்போம், வெள்ளைக்காரச் சனம் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்று பார்க்கும். அன்றைக்கு மட்டும் அவர்கள்தான் எங்களிடம் வழி கேட்பார்கள்.

ஓய்வுபெற்ற_கணக்கர்

குசினி தம்பி எழுதியதைப் படித்த பிறகுதான் எங்களுக்குப் பாரிஸில் மூன்று மணிக்குச் சாப்பாடு ஏன் கிடைக்கவில்லை என்று புரிகிறது. டூர் மேனேஜர் கடைக்காரரைத்தான் திட்டினார்.

தனிவழி

இதுவரை பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று நினைக்கிறேன், அதனால் நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு ‘அன்பான மக்கள்’ என்ற பேச்சே கொஞ்சம் பயமாக இருக்கும். ரோமில் நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வரைபடத்தைப் பிரித்தால் இரண்டு நிமிடத்தில் ஒருவர் உதவிக்கு வந்துவிடுவார். உதவி முடிந்த பிறகும் போகமாட்டார். எங்கே தங்கியிருக்கிறாய், தனியாகவா, காபி குடிக்கலாமா என்று போகும். மிரட்டல் எதுவும் கிடையாது, சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள், ஆனால் நாள் முழுக்க ‘நன்றி, வேண்டாம்’ என்று சொல்லிச் சொல்லியே களைத்துப் போனேன். இதே ரோமை என் தம்பி ‘உலகத்திலேயே நட்பான ஊர்’ என்கிறான். அவனுக்கு அந்த ஊர் அப்படித்தான் இருந்திருக்கும்.

பின்லாந்துக்குப் போனபோது எனக்கு முதுகில் இருந்த மூட்டை இறங்கியது. பேருந்து நிறுத்தத்தில் ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை, கேட்பதில்லை. இரவு பத்து மணிக்கு ஏரிக்கரையில் தனியாக நடந்தேன். எதிரே வந்தவர் பாதையின் மறுபக்கத்துக்கு விலகிப் போனார். நம் ஊரில் அப்படிப் போனால் அவமதிப்பு, அங்கே அவர் எனக்கு இடம் விட்டார்.

ஆனால் பேசாத ஜனம் என்று முடிவு கட்டாதீர்கள். அங்கே தம்பெரே என்ற ஊரில் ராஜபோர்ட்டி என்று ஒரு பொது சவுனா (சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் நீராவிக் குளியல் அறை) இருக்கிறது, 1906-லிருந்து நடக்கிறது, பெண்களுக்குத் தனிப் பக்கம். துணி இல்லாமல்தான் உட்கார வேண்டும், அதற்கு மனதைத் தயார்படுத்தவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. மேல் படியில் போய் உட்கார்ந்தேன், ஒரு பாட்டி தோளைத் தொட்டு, முதல் தடவையா, கீழே வா, அங்கே காது எரியும் என்று சைகையிலேயே சொன்னார். அடுத்த அரை மணி நேரம் நாலைந்து பெண்கள் என்னைக் கேள்வியால் துளைத்தார்கள்: உன் ஊரில் எவ்வளவு வெயில், அதில் எப்படி வேலை செய்கிறீர்கள், உனக்கு எத்தனை உடன்பிறப்பு. வெளியே பேருந்தில் வாய் திறக்காத அதே ஆட்கள்! வேர்வை வழிய உட்கார்ந்திருந்த என்னிடம் ஒருத்தி கரண்டியைக் கொடுத்துக் கல்லில் தண்ணீர் ஊற்றச் சொன்னாள், ஊற்றினேன், எல்லோரும் ‘ஆஹா’ என்றார்கள். எப்போது பேச வேண்டும், எங்கே பேச வேண்டும் என்பதில்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஸ்விஸ் மலைப்பாதையில் நடந்தால் எதிரே வரும் ஒவ்வொருவரும் வணக்கம் சொல்வார்கள், சொல்லாவிட்டால் தப்பாக நினைப்பார்கள். அதே ஆட்கள் சூரிக் ரயிலடியில் உங்களை இடித்துக்கொண்டு போனாலும் முகம் பார்க்கமாட்டார்கள்.

கேள்விக்குறி, உங்கள் ரயில் சம்பவத்தில் என்னை உறுத்தியது அந்த அம்மாள்தான். காவலர்களுக்காவது உத்தரவு என்று ஒரு சாக்கு இருக்கிறது.

நாடோடி_மதுரை

தனிவழி, அருமை. ரோமும் பின்லாந்தும் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு வேறு மாதிரி என்பதை என் பதிவில் எங்காவது சேர்த்திருக்க இடம் இருந்தது.

இன்னொரு விஷயத்தைப் பேசாமல் இந்த இழை நிறைவடையாது: கூட்டம். நாட்டை விட ஊரில் எத்தனை பேர் வந்து குவிகிறார்கள் என்பதுதான் முகத்தை முடிவு செய்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. பார்சிலோனாவில் பார்க் குயெல் என்ற பூங்கா பக்கம் 116 என்று ஒரு சின்னப் பேருந்து ஓடுகிறது. அந்த மேட்டுத் தெருக்களில் காய்கறிப் பையோடு ஏறும் கிழவர்களுக்காக விட்டது. சுற்றுலாப் பயணிகள் அதில் நிரம்பி வழிந்து ஊர்க்காரர்களுக்கு ஏறவே இடமில்லாமல் போனது. கடைசியில் அக்கம்பக்கத்தார் போராடி, 2024-ல் கூகுள் வரைபடத்திலிருந்தே அந்தப் பேருந்துத் தடத்தை எடுக்க வைத்தார்கள். அதே வருடம் ஜூலையில் அந்த ஊரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தது உலகச் செய்தியானது. ‘ஸ்பெயின்காரர்கள் வெறுக்கிறார்கள்’ என்று அப்போது இந்தத் தளத்தில் ஒருவர் எழுதினார். அவர்கள் வாடகை ஏறிய கோபத்தைக் காட்டினார்கள். 2028-க்குள் சுற்றுலா வாடகைக் குடியிருப்பு எதற்கும் உரிமம் இருக்காது என்று அந்த நகராட்சியே அறிவித்துவிட்டது. அங்கிருந்து சில மணி நேரம் பேருந்தில் அரகோன் பக்கம் போங்கள், ஒரு சின்ன ஊர்ச் சாராயக் கடையில் எந்த ஊர், எப்படி வந்தாய் என்று கேட்டு உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் ஊரில் எண்ணூறு பேர்கூடக் கிடையாது. சில நாட்களில் பத்தாயிரம் பேர் வந்து இறங்குகிறார்கள். 2023-ல் எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இடத்தில் மரத்தடுப்பு போட்டுக் காட்சியையே மறைத்தார்கள், எதிர்ப்பு வந்து எடுத்துவிட்டார்கள். வெனிஸ் 2024 ஏப்ரல் 25-லிருந்து, இரவு தங்காமல் பகலில் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. ஆம்ஸ்டர்டாம் இன்னும் வெளிப்படை: 2023-ல் குடித்துக் கூத்தடிக்க வரும் பிரிட்டிஷ் இளைஞர்களைக் குறிவைத்து, தயவுசெய்து வராதீர்கள் என்று நகராட்சியே விளம்பரம் செய்தது. கவனியுங்கள், அங்கே வேண்டாத விருந்தாளி நாம் இல்லை.

கேள்விக்குறி

ஆம்ஸ்டர்டாமில் நாம் வேண்டாதவர் இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். :)

ஆனால் கூட்டம் பற்றிய உங்கள் பேச்சு சரி. பிராக்கில் நான் பார்த்ததும் அதுதான். பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றி ‘கமிஷன் 0%’ என்று கொட்டை எழுத்தில் போட்டு, மாற்று விகிதத்தில் மொட்டையடிக்கும் நாணயக் கடைகள். அங்கே சட்டம் பயணி பக்கம் வந்தது: 2019 ஏப்ரலிலிருந்து, ஆயிரம் யூரோ வரையிலான மாற்றலை மூன்று மணி நேரத்துக்குள் போய் ரத்து செய்துகொள்ளலாம். இந்த மாதிரி ஒரு விதியைத்தான் நான் வரவேற்பு என்பேன். யார் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும், தோல் என்ன நிறமானாலும், ரசீதைக் காட்டினால் பணம் திரும்பும்.

ஸ்டுட்கார்ட்_மாணவன்

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். ஃப்ரைபுர்க் பாட்டி மாதிரி ஒருவர் எங்கள் மாடியிலேயே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பாட்டில்களைத் தெருமுனைத் தொட்டியில் போடப் போன என் அறைத் தோழனை மாடியிலிருந்து கூப்பிட்டு நிறுத்தினார், ஞாயிறு சத்தம் கூடாதாம். கடைகள் வேறு அன்று மூடிக் கிடக்கும், முதல் மாதம் பட்டினி கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் என் தோழனுக்கு அம்மை போட்டிருந்தபோது சூப் வைத்துக் கொடுத்தது, மருத்துவரிடம் போனில் பேசி நேரம் வாங்கியது, இரண்டுமே அவர்தான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பயணியாக வந்தால் அவர்கள் திட்டுவதும் உதவுவதும் கதையாகிவிடும், இங்கேயே இருந்தால் அதுதான் தினசரி வாழ்க்கை. சிநேகிதம் என்று சொல்ல எனக்கு இங்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஆனவர்கள் இப்போது நான் வீடு மாற்றும்போது கேட்காமலே வேனோடு வருகிறார்கள். ஆங்கிலம் பேசினால் ஒரு மரியாதை, தப்பும் தவறுமாக ஜெர்மன் பேசினால் இன்னொரு மரியாதை, இரண்டாவதுதான் மேல். பெர்லினில் இது எடுபடாது, அங்கே நாம் வாய் திறப்பதற்குள் அவர்களே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள்.

தலையாட்டலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பல்கேரியாவில் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள், இல்லை என்பதற்கு மேலும் கீழும். சோஃபியாவில் என் தலையாட்டலைப் பார்த்து யாரும் ஒருமுறைகூடக் குழம்பவில்லை. ஐரோப்பாவில் எனக்கு அப்படி நடந்த ஒரே ஊர் அதுதான்.

நெறியாளர்

விசா நிராகரிப்பு பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். நீக்கிய இரண்டு பதில்களில் ஒரு நாட்டு மக்கள் மொத்தத்தையும் வசைபாடியிருந்தது. மற்றபடி நல்ல இழை.

புதுக்கிளை

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு நேரடிக் கேள்வி. அம்மா அப்பாவை முதல்முறை அழைத்துப் போகிறேன். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள், முட்டைகூடச் சாப்பிடமாட்டார்கள். அம்மா புடவைதான் கட்டுவார். யாராவது முறைத்தால் அம்மா அன்று முழுக்கப் பேசமாட்டார். எங்கே போகலாம்?

தனிவழி

இத்தாலி, யோசிக்காதீர்கள். நான் மேலே எழுதியதெல்லாம் தனியாகப் போகும் இளம்பெண்ணின் கதை. வயதான அம்மாவோடு போனால் அதே இத்தாலி தலைகீழாக மாறிவிடும், பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். புடவையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்கும் பாட்டிகள் கிடைப்பார்கள், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். போலோன்யா மாதிரி நடுத்தர ஊரில் தங்குங்கள், வெனிஸை ஒரு நாள் காலையில் சீக்கிரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் அவர்களை உட்கார விடாதீர்கள், 2019-லிருந்து அங்கே உட்கார்ந்தால் அபராதம். கால் வலிக்கும் பெற்றோர் முதலில் தேடுவதே அந்த மாதிரிப் படிகளைத்தான்.

பாரிஸ்_குசினி

சாப்பாட்டுக்கும் இத்தாலிதான் சுகம், தக்காளி பாஸ்தா எந்தக் கடையிலும் இருக்கும். ஆனால் மேலே பார்மசான் தூவ வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கோ, அந்தச் சீஸில் கன்றுக்குட்டி வயிற்று நொதி சேர்ப்பார்கள், தெரிந்தால் அம்மாவுக்கு மனம் குழம்பும். கிரேக்கம் போகிறதென்றால் ஈஸ்டருக்கு முந்தின விரத காலத்தில் போங்கோ. அப்ப இறைச்சி, பால், முட்டை ஒன்றுமில்லாத விரதச் சாப்பாடு தனியாக எழுதி வைத்திருப்பார்கள். பெரிய வெள்ளை பீன்ஸை ஓவனில் வேக வைத்துத் தக்காளியோடு தருவார்கள், நல்லாயிருக்கும். இறால், கணவாய் விரதத்துக்குச் சேர்த்தி, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கோ. பாரிஸ் வந்தால் லா ஷப்பெலில் தோசை கிடைக்கும், ஆனால் முட்டை ஊற்றாமல் போடச் சொல்லிக் கேட்கவேணும்.

ஓய்வுபெற்ற_கணக்கர்

அம்மா ஊறுகாய் எடுத்துப் போவார்கள் என்றால் பாட்டில் மூடியை நன்றாக டேப் போட்டு ஒட்டி, கையில் வைத்துக்கொள்ளாமல் பெரிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். எங்களுடைய மாவடு அப்படித்தான் போனது.